பிள்ளையார் கேட்காத லைசென்ஸ்

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் 12,000 பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் அதை எடுத்தார் சுந்தரர் என்கிறது பெரிய புராணம். போடுமுன் அடையாளத்துக்கு ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. மறுபடி பாடித்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது. மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் திருவாரூரில் இருக்கிறார். பெரிய கம்பெனிகளின் நிதித்துறை மாதாமாதம் செய்வதும் இதே வேலைதான், பாட்டு மட்டும் ஒப்பாரி. ஆனால் அன்றைக்கு ஆற்றுக்கும் குளத்துக்கும் நடுவே நின்று யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை.

இன்றைய ஆறு, ஈ.ஆர்.பி. என்ற கம்பெனி மென்பொருள். கொள்முதல், கையிருப்பு, பில், சம்பளம் எல்லாம் விழுவது அதில். குளம், கிளவுடில் வாடகைக்கு எடுத்த செயல்திறன் மேலாண்மை மென்பொருள். பட்ஜெட் போடுவதும் குழுமக் கணக்குகளை ஒன்றுசேர்ப்பதும் அங்கே. ஆற்றை விற்றவர் ஒருவர், குளத்தை விற்றவர் இன்னொருவர். விற்கிறவரை இருவருமே "கனெக்டர் இருக்கு சார்" என்பார்கள். விற்றபின் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

கைகாட்டினால்கூடப் பரவாயில்லை. ஜானி வாக்கர் விஸ்கிக்காரர்களான டியாஜியோ, எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஈ.ஆர்.பி.யைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தார்கள். விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் தளத்தில் இரண்டு செயலிகள் செய்து, ஈ.ஆர்.பி.யோடு இணைத்தார்கள். இணைக்கும் பாலமும் எஸ்.ஏ.பி.யின் சரக்கே. அதற்கும் தனியாகக் காசு கட்டியாகிவிட்டது. அப்படியும் வழக்கு வந்தது: முன்பு தொலைபேசியில் ஆர்டர் சொன்ன கடைக்காரர் இப்போது செயலியில் சொல்கிறார், ஆகவே அவரும் எங்கள் மென்பொருளை மறைமுகமாகப் பயன்படுத்துகிறார், எடு 5 கோடியே 45 லட்சம் பவுண்டு! 2017 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், தொகையைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டு, கட்டண வாதத்தில் எஸ்.ஏ.பி. பக்கம் நின்றது. பாலத்துக்குப் பணம் கொடுத்தவன் பாலத்தில் நடந்ததற்கு மறுபடி பணம் தர வேண்டும். கொள்ளைக்காரனாவது ஒரே இரவில் ஒரு முறைதான் வருவான்.

இந்தத் தர்க்கத்தை விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்து பாருங்கள். அகல் விளக்கும் பொம்மையும் சுட்டெடுக்கிற ஒரு பட்டறைக்காரர், சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியின் போர்ட்டலில் தன் பில்லை ஏற்றுகிறார். அந்த நொடியில், எஸ்.ஏ.பி.யின் தலைமையகமான வால்டார்ஃப் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத அந்த மனிதர் ஒரு ஜெர்மன் மென்பொருளின் 'மறைமுகப் பயனர்' ஆகிவிடலாம்! அவருடைய கணக்கு நோட்டை மருமகன் புரட்டிப் பார்த்தால் நோட்டு விற்ற கடைக்காரர் வந்து வரி கேட்பதில்லை. கேட்டால் சூளை விறகாலேயே பதில் கிடைக்கும்.

உள்ளே போடுவதற்குத்தான் இந்தக் கெடுபிடி என்றில்லை, எடுப்பதற்கும் உண்டு. ஈ.ஆர்.பி.யிலிருந்து தரவை மொத்தமாக அள்ள ஓ.டி.பி. (ODP) என்றொரு வழி இருக்கிறது. வெளியார் கருவிகள் பல அதன் வழியாகத்தான் அள்ளிக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் எஸ்.ஏ.பி. தன் குறிப்பைத் திருத்தி, வெளியார் வழக்கமாக அதற்குள் நுழைந்த வாசலைத் தொடக் கூடாது என்றது. நம் தரவுதான். ஆனால் எந்த வாசல் வழியாக வெளியே போகலாம் என்பதை வாடகைக்கு விட்டவர் முடிவு செய்வார். 2025 மார்ச்சில் செலோனிஸ் என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனம், வாடிக்கையாளர் தம் சொந்தத் தரவை எடுக்கவே எஸ்.ஏ.பி. தண்டம் வசூலிக்கிறது என்று கலிபோர்னியாவில் வழக்கே போட்டுவிட்டது.

எல்லாத் தண்டமும் அழுது தரவு வந்து சேர்ந்தது என்றே வையுங்கள். நம் ஊர்க் கம்பெனியின் ஈ.ஆர்.பி.யில் முதல் மாதம் ஏப்ரல். தணிக்கைத் திருத்தங்களுக்காக 13 முதல் 16 வரை நான்கு சிறப்பு மாதங்களும் உண்டு. குளத்தைக் கட்டியவனோ ஜனவரியில் தொடங்கி 12 மாதம் வைத்திருப்பான். ஆற்றில் வருமானம் வரவுப் பக்கம் என்பதால் கழித்தல் குறியோடு கிடக்கும், குளத்தில் அது கூட்டலாக வேண்டும். ஒரு கணக்குத் தலைப்பில் குறி மாறினால் லாபம் நஷ்டமாகும். இதையெல்லாம் பொருத்தித் தர மணிக் கணக்கில் பில் போடும் கன்சல்டன்ட் வருவார். நவீன ஒருங்கிணைப்பு என்று மேடையில் படம் காட்டியது கடைசியில் ஒரு சி.எஸ்.வி. கோப்பாக இறங்கி, இரவு பதினொரு மணிக்கு ஒரு ஜூனியர் அக்கவுண்டன்டின் எக்செல்லில் வந்து உட்காரும். அவர்தான் உண்மையான கனெக்டர். அவருக்குத்தான் லைசென்ஸ் கட்டணம் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது.

எனக்குக் கோபம் விற்பவர்மேல் பாதிதான். மீதி, நம் ஊர் மேலாளர்கள்மேல். கையெழுத்துப் போடுமுன், "எங்கள் தரவை எந்த வழியில், என்ன விலையில், யாருடைய கருவியால் எடுக்கலாம்?" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்தப் பிறகு வரும்போது, எதிர் நாற்காலியில் லைசென்ஸ் தணிக்கைக்காரர் உட்கார்ந்திருப்பார்.