இந்தத் தீபாவளிக்கு மாறிடுவார்

"ஐபோனுக்குப் போயிடலாமா, இல்ல ஆண்ட்ராய்டுலயே இருந்துடலாமா? நீயே சொல்லு தம்பி."

சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் கேட்பது யோசனை இல்லை, எதிர்வாதம் செய்ய ஓர் ஆள்.

"ஐபோனே வாங்கிடுங்கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த நொடியே ஆண்ட்ராய்டுக்கு வக்காலத்து வாங்கிவிடுவார். "பேக் பட்டன் எங்க இருக்கு அதுல? மெமரி கார்டு எங்க போடுவே? என் ரெண்டாவது சிம்மை எங்க சொருகுவே?" ஒரு சிம்மை இ-சிம்மாக மாற்றிக்கொள்ளலாம் என்றால், "கண்ணுக்குத் தெரியாத சிம்மை நான் எப்படிப்பா நம்பறது?" வாட்ஸ்அப் பேச்செல்லாம் போய்விடுமே என்பார். 2022-லிருந்தே ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு அதை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்று விளக்கினால், பாதியிலேயே அடுத்த ஆயுதத்தை எடுப்பார்: கால் ரெக்கார்டு.

கால் ரெக்கார்டு அவருக்கு உயிர். ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் ஒண்ணே கால் சென்ட் நிலம் வைத்திருப்பவரும் புரோக்கர் பேசுவதைப் பதிவு செய்யாமல் தூங்குவதில்லை. ஐபோனிலும் 2024 அக்டோபரிலிருந்து அந்த வசதி வந்துவிட்டதே என்றேன். "வந்துச்சு. 'பதிவு பண்றோம்'னு ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரி சொல்லிட்டு இல்ல பண்றான்? அதைக் கேட்டுட்டு புரோக்கர் உண்மை பேசுவானா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, வம்பே வேண்டாம், ஆண்ட்ராய்டே இருக்கட்டும் என்று நீங்கள் இறங்கி வந்தால் கட்சி மாறிவிடும். "ரெண்டு வருஷத்துல அப்டேட்டை நிறுத்திடுவான். வித்தா பாதி வெலகூட வராது. ஐபோன்னா தங்கம் மாதிரி." சாம்சங்கும் கூகுளும் விலை உயர்ந்த போன்களுக்கு இப்போது ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்கிறார்களே என்றால், "அந்த வெலைக்கு நான் ஐபோனே வாங்கிடுவேனே!" அப்படியானால் அதையே வாங்கலாமே? "பேக் பட்டன் எங்க இருக்கு அதுல?"

கம்பெனி வேனுக்கு நிற்கும்போது, டீக்கடையில், கேன்டீன் வரிசையில், ஒரு முறை சாவு வீட்டுப் பந்தலில்கூட இந்த வாதம் நடந்தது. யார் கையில் புதுப் போனைப் பார்த்தாலும் வாங்கி, ஓரத்திலிருந்து இழுத்து, மேலிருந்து இழுத்து, எதையோ அழுத்தி, விமான மோடில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019-லிருந்து ஐபோன் செய்கிறார்கள். இங்கிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். "நம்ம ஊர்ல பூட்டுறான், நமக்கு வெல கொறச்சுக் குடுத்தா இன்னா?" என்பது அவருடைய நிரந்தரக் கோரிக்கை. அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தியை ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் மடக்கிவிட்டார். "உள்ளயே இருக்கே, உனக்குத் தெரியாதாம்மா எது நல்லதுன்னு?" அந்தப் பெண் பாவம், "நான் ஸ்க்ரூ மட்டும்தாண்ணா போடறேன்" என்றது. அதன் கையில் இருந்தது கண்ணாடி கீறிய ஆண்ட்ராய்டு. அண்ணனுக்கு அதுவே பெரிய துப்பு. "பாத்தியா, செய்யறவங்களே வாங்கல!" அந்தப் பெண்ணின் சம்பளம் என்ன, போனின் விலை என்ன என்று கணக்குப் போட அவருக்குத் தோன்றவில்லை.

இந்தக் குழப்பம் புதிதில்லை போலும். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை ஒரகடம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. அந்தக் காலத்திலும் 'இந்தக் கல்லா, அந்தக் கல்லா' என்று கேட்டுக்கொண்டு ஒருத்தர் திரிந்திருப்பார். செதுக்கியவனுக்குத்தான் வேலை கெட்டிருக்கும்.

அண்ணன் எப்போதும் இப்படி இருந்தவரில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை வந்தபோது ஊரே நோக்கியாவைத் தலையில் வைத்து ஆடியது. அண்ணனும் நம்பினார். எல்லாரும் ஆண்ட்ராய்டுக்குத் தாவிய காலத்தில் அவர் மட்டும், "நோக்கியா போட்டா ஒழுங்காத்தான் போடுவான்" என்று விண்டோஸ் ஓடும் லூமியாவை முழுப் பணம் கொடுத்து வாங்கினார். யாரையும் கேட்கவில்லை. 2014 நவம்பரில் ஆலை மூடியது. போனை விடவில்லை. ஒவ்வொரு ஆப்பாகக் கழன்று, 2019 கடைசி நாளோடு விண்டோஸ் போன்களில் வாட்ஸ்அப்பும் நின்றது. மறுநாள் காலை, புத்தாண்டு வாழ்த்து ஒன்றும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் மச்சான் தூக்கிப்போட இருந்த ஆண்ட்ராய்டு ஒன்று கைக்கு வந்தது. இன்றும் அதுதான் ஓடுகிறது. இதெல்லாம் தெரிந்ததால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

ஆனால் பொறுமைக்கும் அளவு இருக்கிறது. அந்தப் போனின் பேட்டரி உப்பி, பின்மூடி அகல நிற்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். மாற்றுங்கள் என்றால், "புதுசே வாங்கப் போறோம், இதுக்கு எதுக்குச் செலவு?" ராத்திரி சார்ஜ் போட்டாலும் விடியற்காலை அணைந்து கிடக்கிறது. அலாரம் அடிப்பதில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வேன் வந்து நிற்கும். டிரைவர் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். பக்கத்து வீடு என்பதால் நான் ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவர் பல் துலக்கி, சட்டை போட்டு, தண்ணீர் குடித்து வருவதற்குள் வேனில் எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். பஞ்ச் லேட் ஆனால் அரை நாள் சம்பளம் போய்விடுகிறது. போன மாதமும் போனது.

வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். "என் காசுக்கு யாருண்ணா பதில் சொல்றது?"

அண்ணன் தோளில் கை போட்டார். "கவலப்படாத தம்பி. தீபாவளிக்கு மாத்துனதும் இந்தப் போனை உனக்கே குடுத்துடறேன்."