பெரியப்பா வாய்தான் மூலப்பத்திரம்

"நம்ம இடம்தானே, கட்டிக்கோ!" திருப்போரூரிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை எத்தனையோ வீடுகளுக்குப் பெரியப்பா சொன்ன இந்த ஒரு வார்த்தைதான் மூலப்பத்திரம். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் போதும், அவருக்கு நெஞ்சு அடைக்கும். "சொந்தத்துக்குள்ள பத்திரமாடா? நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?" அவர் ஓடவில்லை. மனை விலைதான் ஓடியது.

கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையாவதற்கு முன் சவுக்குக்கு மட்டுமே ஆகிற மணல்மேடு அது. கூட்டுப் பட்டாவைப் பார்த்து வங்கி கைவிரித்ததால், பெண்டாட்டி நகையை அடகு வைத்து, வட்டிக்கும் வாங்கித் தளம் போட்டான் தம்பி மகன். பால் காய்ச்சிய அன்று முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தில் முந்திரி போதவில்லை என்று குறை சொன்ன அதே பங்காளிகள், ரிசார்ட்டுக்கு இடம் தேடும் புரோக்கர் வந்து சென்ட் கணக்குப் பேசியதும் வில்லங்கச் சான்று எடுக்க ஓடினார்கள். வக்கீல் நோட்டீஸில் அவனுக்குப் புதுப்பெயர்: ஆக்கிரமிப்பாளர்.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; பெயர் பின்னால் ஒட்டியது. ஆனால் ஒட்டியவருக்கு நம் குடும்பங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. மூத்தவருக்கு உயர்ந்த மாளிகை, கடைசித் தம்பிகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று, திரௌபதிக்கு ஒரு குடிசை. ஒன்றிலும் வேலை முழுதாக முடியவில்லை.

திரௌபதிக்குக் குடிசையாவது கிடைத்தது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று 1989இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. முன்பே கல்யாணமாகிவிட்டது என்று அது விட்டுவிட்டவர்களையும் 2005இல் மத்தியச் சட்டம் சேர்த்துக்கொண்டது. என்ன பயன்? ஒரு பட்டுப்புடவையை நீட்டி அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "சொந்தத்துக்குள்ள பத்திரமா" என்று அங்கே ஒரு வாயும் திறக்கவில்லை. பதிவு அலுவலகத்துக்குக் கார் வைத்து அழைத்துப் போகிறார்கள், வழியில் டிபனும் உண்டு. கொடுக்கும்போது பத்திரம் அவமானம், பறிக்கும்போது பாசம். வெட்கங்கெட்டவர்கள்!

அண்ணன் தம்பிக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒரு ரூபாய்தான். 2023இல் ஏற்றிய பிறகும் உச்சவரம்பு 40,000. அதை மிச்சம் பிடித்த குடும்பம் இப்போது செங்கல்பட்டு நீதிமன்றப் படியில் வாய்தா வாய்தாவாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அனுமதியை நம்பிக் காசு போட்டு நிரந்தரமாகக் கட்டியவனை நினைத்த நேரத்தில் கிளப்ப முடியாது என்று 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம், 60ஆம் பிரிவில், சொல்லத்தான் சொல்கிறது. அதில் ஜெயித்தாலும் மண் அவன் பெயருக்கு வராது. தவிர, அனுமதி தந்ததை யார் சொல்வது? பெரியப்பா படத்துக்கு மாலை போட்டாயிற்று. அன்று பந்தியில் இருந்த சொந்தபந்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "ரெண்டு பக்கமும் வேண்டியவங்க, எங்களை விட்டுடுங்க" என்கிறார்கள்.

விடாமல் என்ன செய்ய? அவர்கள் மனையிலும் ஒரு தம்பி மகன் தளம் போட்டுக்கொண்டிருக்கிறான்.