அப்புறம் பார்க்கலாம் அன்பர்

கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதா, இருப்பதையே ஓட்டுவதா என்ற கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துபவர் அப்புறம் பார்க்கலாம் அன்பர். தமிழ்நாட்டில் இவர் இல்லாத ஊர் இல்லை. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். வங்கியிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ ஓய்வு பெற்றிருப்பார். இல்லாவிட்டால் கணக்கு எழுதுகிற இடத்திலோ டி.டி.பி. கடையிலோ இருப்பார். கைப்பேசியை யோசிக்காமல் மாற்றுவார், ஸ்கூட்டரை மாற்றுவார், சில சமயம் கட்சியைக்கூட மாற்றுவார். கணினி என்று வந்துவிட்டால் மட்டும் நிதானம் தலைக்கேறிவிடும்.

அவருடைய கணினியை வீட்டில் ‘சிஸ்டம்’ என்பார்கள். பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தது. மானிட்டருக்குத் தைத்துப் போட்ட உறை உண்டு, யு.பி.எஸ். மேல் எதையும் வைக்கக் கூடாது என்ற சட்டமும், அதன் மேல் எப்போதும் ஒரு செய்தித்தாளும் உண்டு. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் வைத்த சந்தனப் பொட்டு சி.பி.யு.வின் நெற்றியில் அடுக்கடுக்காகக் காய்ந்திருக்கும். பில்லைத் தேட வேண்டாம், பொட்டைக் கீறிப் பார்த்தால் வாங்கிய வருடம் தெரிந்துவிடும். திரையைத் திறந்தால் ‘முக்கியம்’, ‘மிக முக்கியம்’, ‘மிக முக்கியம் புதுசு’, ‘புதிய ஃபோல்டர் 7’ என்று வரிசை நிற்கும். இவற்றில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. ஓ.எஸ். மாற்றினால் போய்விடும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

திரையின் வலது கீழ் மூலையில் அறிவிப்பு வரும் நேரம் அன்பரைப் பார்க்க வேண்டிய நேரம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சொத்துப் பத்திரத்தைப் படிப்பவர்போல் ஒரு சொல் விடாமல் படிப்பார். இப்போதே நிறுவலாம், இரவில் நிறுவலாம், பின்னர் நினைவூட்டலாம் என்று வழிகள் இருக்கும். சுட்டியின் அம்பு முதல் பொத்தான் வரை போகும், அங்கே சற்று நிற்கும், பிறகு மெல்ல நகர்ந்து ‘பின்னர்’ என்பதில் போய் உட்காரும். வேண்டாம் என்று அடித்துச் சொல்கிற வழி இருந்தாலும் அதை அவர் தொடமாட்டார். வேண்டாம் என்றால் அது முடிவாகிவிடும். முடிவெடுப்பதுதான் அவருக்கு ஆகாதே தவிர, புதுசு அவருக்குப் பகையே இல்லை.

நாள் பார்க்கும் வழக்கமும் இதில் துணைக்கு வரும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்பது வெளிப்படை. விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29, ஆடி மாதம். ஓராண்டுக்கு இலவசம் என்றார்கள். அந்தச் சலுகை முடிந்தது 2016 ஜூலை 29, அதுவும் ஆடி. ஆடித் தள்ளுபடிக்கு முண்டியடிக்கிற அன்பர், ஆடியில் வந்த இந்த இலவசத்தை மட்டும், நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம் என்று தள்ளிவைத்தார். நடுவே வந்த தையிலும் பங்குனியிலும் என்ன செய்தார் என்று கேட்கக் கூடாது. விண்டோஸ் 11 வந்த 2021 அக்டோபர் 5, மகாளய அமாவாசைக்கு முந்தின நாள். போதாக்குறைக்குச் செவ்வாய்க்கிழமை. மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாவதும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில்தான். ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகியிருக்கும். அன்பர் சிஸ்டத்தைப் போடும்போது விடிந்து புதன் பிறந்துவிடும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். அந்தப் புதனிலும் அவர் அழுத்துவது ‘பின்னர்’ பொத்தானைத்தான்.

எல்லாவற்றையும்விடப் பொருத்தமாக அமைந்தது விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்ற நாள்: 2020 ஜனவரி 14. போகிப் பண்டிகை. பழைய பாயையும் முறத்தையும் அன்று விடியற்காலையில் வாசலில் போட்டுக் கொளுத்திய அன்பர், குளித்துவிட்டு வந்து விண்டோஸ் 7-இல் மின் கட்டணம் கட்டினார்.

தயக்கத்துக்கு அவரிடம் சரித்திர ஆதாரம் உண்டு. 2001-இல் வந்த எக்ஸ்பி நன்றாக ஓடியது. 2007-இல் வந்த விஸ்டா, எதைத் தொட்டாலும் அனுமதி கேட்டு உயிரை வாங்கியது. 2009-இல் வந்த 7 நல்ல பிள்ளை. 2012-இல் வந்த 8, ஸ்டார்ட் பொத்தானையே தூக்கிவிட்டது. மறு வருடம் 8.1 வந்து அந்தப் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே ஒன்று விட்டு ஒன்றுதான் உருப்படும் என்பது அன்பரின் சித்தாந்தம். இதில் 8.1-ஐத் தனியாக எண்ணுவதா என்பது அன்றைய வாதத்தின் தேவையைப் பொறுத்தது. 9 என்று ஒன்று வரவே இல்லை என்பதும் அவர் கணக்குக்கு இடைஞ்சல்தான்; அதை வேகமாகத் தாண்டிப்போய், பத்து நல்லது, எனவே பதினொன்று ஆகாது என்று முடித்துவிடுவார்.

சித்தாந்தம் எப்படியோ போகட்டும், அவருடைய கையில் வலுவான சீட்டு ஒன்று உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் பெரிய புதுப்பிப்பு, சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்தினார்கள். சரிசெய்து மீண்டும் விட நவம்பர் நடுப்பகுதி ஆயிற்று. அந்த ஆறு வாரமும் அன்பருக்குப் பொற்காலம். முண்டியடித்துக்கொண்டு முதல் நாளே ஏற்றியவர்களைத் தேடிப்போய் விசாரித்தார். புதிய பதிப்பு வந்த சூட்டோடு ஏற்றாமல் இரண்டு மூன்று மாதம் பொறுப்பது அறிவுடைமையே. இந்த மட்டில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. மூன்று மாதம் அவர் கையில் ஆறு வருடமாவதுதான் சிக்கல்.

முடிவெடுக்காதவர் என்பதற்காக அன்பர் சும்மா இருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் ஓயாமல் ஆலோசனை கேட்கிறார். முதலில் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் மருமகனுக்குப் போன் போகும்.

“மாப்ள, பதினொண்ணு போடச் சொல்லுதே, போடலாங்களா?”

“போடுங்க மாமா. ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதா, நல்லா இருக்குமா?”

இந்தக் கேள்விக்கு எந்த மாப்பிள்ளையும் உறுதி சொல்ல முடியாது. “பேக்கப் எடுத்துட்டுப் போடுங்க மாமா” என்பார். பேக்கப் என்ற சொல் காதில் விழுந்ததும், ஆபத்து இருப்பதால்தானே எடுக்கச் சொல்கிறார் என்று அன்பருக்கு உறுதிப்பட்டுவிடும். அடுத்து பழைய சக ஊழியர். அவரும் இன்னொரு அப்புறம் பார்க்கலாம் அன்பர் என்பதால் அங்கே ஒரு மணி நேரம் இனிமையாகக் கழியும். கடைசியாக வருபவர் சர்வீஸ் தம்பி.

“தம்பி, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு. பதினொண்ணு போட்டா ஸ்பீடு ஆயிடுமா?”

“இதுல ஏறாது சார். உங்களது ஆறாவது ஜெனரேஷன். எட்டுக்கு மேல இருக்கணும்.”

“வாங்கறப்ப நீதானப்பா இதுதான் லேட்டஸ்டுன்னு சொன்னே?”

“அது அப்ப சார்.”

தம்பி சொல்வது சரி. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் போதும், ஆனால் இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். மறைகுறியீட்டுச் சாவிகளை வன்பொருளுக்குள் பூட்டிவைப்பது அதன் வேலை. அன்பர் இதை, “இன்னொரு சிப்பு வாங்கணுமாம், அதுல பூட்டுச் சாவி இருக்குமாம்” என்று வீட்டில் விளக்கினார். அது அவ்வளவு தவறான விளக்கமும் இல்லை. கணினி தேறுமா என்று சோதித்துச் சொல்ல மைக்ரோசாஃப்ட் 2021 ஜூனில் ஒரு மென்பொருள் கொடுத்தது. அது தேறாது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்று, பிறகு திருத்தி வெளியிட்டார்கள். சோதனை போடுகிறவனுக்கே சோதனை என்று அன்பர் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்லோ என்ற புகாருக்கும் ஓ.எஸ். பதிப்புக்கும் பெரும்பாலும் நேரடித் தொடர்பு இல்லை. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் அதே கணினி எழுந்து ஓடும். தம்பி இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறார். அன்பர் ஒவ்வொரு முறையும், “அதுவும் பாக்கலாம்” என்கிறார்.

அன்பர்களில் டி.டி.பி. கடைக்காரரைத் தனியாக வைத்துப் பார்ப்பதே நியாயம். அவர் வயிற்றுப்பிழைப்பே பழைய பதிப்பில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று இருபது வருட வேலையும் பேஜ்மேக்கரில் கிடக்கிறது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்குப் பின் தயாரிப்பாளரே கைகழுவிவிட்டார். எழுத்துகளோ யூனிகோடுக்கு முந்தைய முறையில் அமைந்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்காரவைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்தும் நிற்கும். இத்தோடு பழைய பிரிண்டரும் ஸ்கேனரும் வேறு. 32 பிட் டிரைவர்களை நம்பி வாழ்ந்த கருவிகளுக்கு 64 பிட் மட்டுமே ஆன விண்டோஸ் 11-இல் இடமில்லை. எனவே மூலையில் ஒரு எக்ஸ்பி கணினியை இணைய வயரைப் பிடுங்கிவிட்டு அவர் வைத்திருப்பது கஞ்சத்தனத்தில் சேராது. சரியான காரியத்தைத்தான் செய்கிறார். இணைப்பைப் பிடுங்காமல் அதிலேயே வங்கிக் கணக்கைத் திறக்கும்போதுதான் அன்பர் குலத்தில் முழுமையாகச் சேர்கிறார்.

அவர்கள் எல்லோருமே சறுக்குகிற இடம் இதுதான். புதிய பதிப்புக்கு மாறுவது வேறு. இருக்கும் பதிப்புக்கு மாதாமாதம் வரும் ஓட்டை அடைக்கும் திருத்தம் வேறு. முதலாவதைத் தள்ளிப்போடலாம், இரண்டாவதைத் தள்ளக் கூடாது. அன்பருக்கு இரண்டும் ஒரே மூலையில் ஒரே சாயலில் வருவதால் இரண்டையும் ஒரே பொத்தானால் அனுப்பிவைக்கிறார். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச்சிலேயே வந்துவிட்டது. மாட்டிக்கொண்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். ‘பின்னர்’ அழுத்தியவர்கள்தான் அதிகம் அகப்பட்டார்கள். எக்ஸ்பியில் அந்த வைரஸ் பெரும்பாலும் ஒழுங்காக ஓடாமல் நீலத்திரை காட்டி நின்றுவிட்டது என்று பின்னர் சோதித்தவர்கள் சொன்னார்கள். வைரஸுக்கே ஓட முடியாத கணினி தன்னுடையது என்பதில் அன்பருக்குப் பெருமை கலந்த நிம்மதி.

கடைசியில் முடிவு எப்படி ஏற்படுகிறது என்றால், அன்பரைத் தவிர யார் வேண்டுமானாலும் எடுத்துவிடுகிறார்கள். 2016-இல் விண்டோஸ் 10-க்கு அழைத்த பெட்டியில் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்களுக்கு, அதுவே சம்மதம் என்று கொள்ளப்பட்டு, குறித்த நேரத்தில் தானே ஏறியது. எதிர்ப்புக்குப் பிறகு அதை மாற்றினார்கள். கேளாமல் ஏறிய பதிப்பால் தொழில் கெட்டது என்று கலிபோர்னியாவில் வழக்குப் போட்ட ஒரு பெண்மணிக்கு 10,000 டாலர் கிடைத்தது. இந்தச் செய்தியின் கத்தரிப்பு அன்பரின் ‘மிக முக்கியம்’ ஃபோல்டரில் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் கோடை விடுமுறைக்கு வரும் பேரனோ, ஐப்பசி இடியில் புகைந்துபோகும் மதர்போர்டோ காரியத்தை முடித்துவிடும். புதுக் கணினி பதினொன்றோடு வந்து இறங்கும். அன்பர் முதல் வேலையாக, நடுவில் இருக்கும் ஸ்டார்ட் பொத்தானை இடது ஓரத்துக்குத் தள்ளச் சொல்வார். ஒரு வாரத்தில் பழகிவிடும். இரண்டாம் வாரத்திலிருந்து அவரே ஆலோசகர்: “பதினொண்ணு ஒண்ணும் மோசமில்ல. ஆனா நீங்க அவசரப்படாதீங்க.”

இடி விழாத வீடுகளில் பத்தே தொடர்கிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று, தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் முடிந்தது. பதிந்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று ஒரு வருட நீட்டிப்பு அறிவித்தார்கள். அன்பர் இதைத் தம் கொள்கைக்குக் கிடைத்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். பதிந்துகொள்ள வேண்டும் என்ற பகுதியை அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அவரிடம் யோசனை கேட்கப் போகிறவர்கள், வீட்டுக் கல்யாணப் படங்களையும் பத்திர நகல்களையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஏற்றிவைத்துவிட்டுப் போவது நல்லது. அவர் பதில் சொல்ல நாளாகும். பழைய டிஸ்க் அதுவரை தாங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.