பிளைவுட் பெட்டியும் அதிர்வு அழியாமைக் கோட்பாடும்: ஓர் ஆய்வு

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழல் செய்ய ஏற்றவை மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தைச் சொல்லிப் போனார். பிளைவுட்டைச் சொல்லவில்லை. அவர் காலத்தில் அது கடையில் கிடைக்காதது ஒரு காரணம். பின்வந்த உரைகாரர்களாவது இக்குறையை நிரப்பியிருக்கலாம், நிரப்பவில்லை. அதனால் இன்று மாடிவீட்டு இளைஞன் ஒருவன் 12 இஞ்ச் ஊஃபரை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நூலைப் புரட்டுவது என்று தெரியாமல் ஆசாரிக்குப் போன் போடுகிறான். இக்கட்டுரை அவன் பொருட்டு எழுந்தது.

இதன் துணிபு ஒன்றே. அதிர்வை உண்டாக்கலாம், இடம் மாற்றலாம்; ஒழிக்க முடியாது. பெட்டியை ஆடாமல் அசையாமல் செய்துவிட்டால் அந்த ஆட்டம் வீட்டிலுள்ள வேறொரு பொருளுக்குப் போய்ச் சேரும். எந்தப் பொருளுக்கு என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால் அது வீட்டம்மாவுக்கு மிகவும் வேண்டிய பொருளாக இருக்கும்.

முதற்கண், பெட்டிதான் எதற்கு என்னும் ஐயத்தைத் தீர்ப்போம். ஊஃபரின் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னே இழுக்கிறது. முன்பக்கம் அழுத்தம் ஏறும்போது பின்பக்கம் இறங்குகிறது. வெறும் ஊஃபரைக் கையில் பிடித்து ஒலிக்கவிட்டால், பின்பக்கத்து அலை விளிம்பைச் சுற்றி வந்து முன்பக்கத்து அலையைக் கழித்துவிடும். சம்பளம் வந்த அன்றே வாடகைக்குப் போவது போல. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அதற்கு ஒரு சாண் விட்டமுள்ள கூம்பைச் சுற்றி வருவது பெரிய காரியமல்ல. ஆகவே பின்பக்கத்து அலையை எங்கேயாவது அடைத்து வைத்தாக வேண்டும். அடைக்கும் இடமே பெட்டி.

அடைப்பதில் இரு கட்சிகள் உண்டு: பானைக் கட்சி, பலகைக் கட்சி. மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்ட கிராமத்து அறிஞர்கள் முதற்கட்சியினர். இவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உருண்டைச் சுவர் தட்டைச் சுவரைவிட விறைப்பானது. சுட்ட மண் சுலபத்தில் அதிராது. குடுவைக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லாகவும், கழுத்திலுள்ள காற்று அதில் கட்டிய எடையாகவும் வேலை செய்யும். இவ்வகைக் குடுவைகளைக் கொண்டு ஒலியைப் பகுத்துப் பார்த்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், தம் ஆய்வை 1863-இல் ஜெர்மன் மொழியில் நூலாக்கினார். கட வித்வான் கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் நாதத்தை வளைக்கும்போது அதே காரியத்தைத்தான் நூல் எழுதாமல் செய்கிறார். இவ்வளவு பலமிருந்தும் பானைக் கட்சி தோற்றது ஒரே காரணத்தால்தான்: பானையில் ஸ்குரூ ஏறாது.

பலகைக் கட்சியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி நகர்வோம். இன்று நாம் பார்க்கும் கூம்பு ஸ்பீக்கரின் மூல வடிவத்தை ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் அமெரிக்காவில் விளக்கினர். பெட்டியில் ஒரு துளையிட்டு, பின்பக்கத்து அலையைத் திருப்பி நமக்கே ஊழியம் செய்ய வைக்கும் உத்திக்கு, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்றார். துளையே கூடாது, பெட்டியை இறுக மூடு என்று எட்கர் வில்ச்சர் 1954-இல் எதிர்க்கொடி பிடித்தார். பின்பு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், துளையுள்ள பெட்டிக்கு முறையான கணக்கு எழுதி 1961-இல் வெளியிட்டார். அமெரிக்க இதழொன்று 1971-இல் மறுபடி அச்சிட்ட பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. கட்டுரை அனுப்பிவிட்டுப் பத்திரிகையின் பதிலுக்காகக் காத்திருப்போர் இதை நினைத்து ஆறுதல் கொள்க.

இனிப் பலகை.

பிளைவுட் எட்டடிக்கு நாலடியாக விற்கும். நமக்கு வேண்டியது 18 மில்லிமீட்டர் கனம். கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதால் இங்கே கஞ்சத்தனம் ஆகாது. கடைக்காரர் ஐ.எஸ். 303 என்று ஒன்றையும் ஐ.எஸ். 710 என்று ஒன்றையும் காட்டுவார். பின்னது மரைன் பிளை. சப் ஊஃபர் கடலில் மிதக்கப்போவதில்லை. ஆயினும் ஆய்வாளன் 710-ஐத்தான் கேட்பான். பலகையைத் தேர்ந்தெடுக்க விரல் முட்டியால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் 'டொக்' என்றும் அடுத்த இடத்தில் 'பொத்' என்றும் கேட்டால் உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது, பலகைக்குள் பொந்து இருக்கிறது என்று பொருள். பொந்துள்ள பலகை நாளை பாட்டோடு சேர்ந்து தானும் பாடும். 60 லிட்டர் பெட்டிக்கு ஒரு ஷீட்டில் பாதிகூடச் செலவாகாது. மீதிப் பலகை பீரோவுக்குப் பின்னால் போகும். வீடு மாறும்போது புது வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் போகும். அதை எறிந்தவர் இதுவரை இலர்.

பலகை வந்ததும் ஆசாரி வருவார். இவ்விடத்தில் இரு அறிவு மரபுகள் மோதுகின்றன. அளவு எழுதிய தாளை அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"கதவு எந்தப் பக்கம் சார்?"

"கதவு இல்லீங்க ஆசாரி."

"சரி, உள்ள தட்டு எத்தனை?"

"தட்டும் கிடையாது. ஆறு பக்கமும் மூடிடணும்."

"அப்ப இதுல என்னதான் சார் வைப்பீங்க?"

"காத்து."

இதற்குப்பின் அவர் ஒரு டீ குடித்துவிட்டு வருவது வழக்கம். திரும்பி வந்தவர், மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஒரு ரீப்பர்க் கட்டையை முட்டுக் கொடுத்தால் ஆட்டம் இருக்காது என்று தாமாகவே சொல்வார். பலகையின் நடுப்பகுதிதான் அதிகம் துள்ளும், அங்கே முட்டுக் கொடுத்தால் துள்ளல் குறைந்து பலகையின் சொந்தச் சுருதியும் மேலே ஏறிவிடும் என்று நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான். பந்தல்கால் நட்டவருக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வட்டம் வெட்டுவது பற்றித் தனி அதிகாரமே எழுதலாம். நடுவில் ஓர் ஆணி, ஆணியில் நூல், நூல் முனையில் பென்சில். சுற்றி வரைந்து, உள்ளே ஒரு ஓட்டை போட்டு, அதில் ஜிக்சா அலகை நுழைத்து மெல்ல நடத்த வேண்டும். பிளைவுட்டின் மேல்தோல் சிம்பு சிம்பாகப் பெயராமலிருக்கக் கோட்டின் மேல் செல்லோ டேப் ஒட்டுவார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. 12 இஞ்ச் ஊஃபருக்கு 12 இஞ்ச் வட்டம் என்று வெட்டினால் ஊஃபர் சட்டத்தோடு பெட்டிக்குள் இறங்கிவிடும். வெட்ட வேண்டியது சுமார் 11 இஞ்ச். மீதி விளிம்பு ஸ்குரூ பிடிக்க. வெட்டி எடுத்த வட்டத்தை அம்மா உடனே கைப்பற்றி விடுவார். இந்த முழு முயற்சியிலும் வீட்டார் ஒருமனதாக வரவேற்ற பொருள் அதுதான். தண்ணீர் டிரம்முக்கு அப்படிப் பொருந்தும்.

துளைக்குழாயின் கணக்கு இனிமையானது. உள்ளே 60 லிட்டர் காற்று; உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள குழாய்; பெட்டி 35 ஹெர்ட்ஸில் மூச்சுவிட வேண்டும். அப்படியானால் குழாயின் நீளம் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர். குழாயைக் குறைத்தால் சுருதி ஏறும், நீட்டினால் இறங்கும். நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்தான் இதற்கு உகந்தது. கேட்டதும் கடைப்பையன் எந்தப் பாத்ரூமுக்கு என்பான். இசைக்கு என்று சொல்லிப் பயனில்லை. மாடிப் பாத்ரூமுக்கு என்க.

பெட்டி கனசதுரமாக இருக்கலாமா என்பதில் அறிஞர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட நிலையில் இருக்கிறார்கள். மூன்று பக்கமும் ஒரே அளவானால் ஒரே சுருதி மூன்று திசையிலும் எதிரொலித்துப் பெருகும், ஆகவே பொன் விகிதமே சரி என்பது ஒரு சாரார் கொள்கை. கேட்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கக்கூடிய முதல் அலை 430 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வரும். நம் சப் ஊஃபரோ 100-ஐத் தாண்டி எதையும் பாடப்போவதில்லை. வராத விருந்தாளிக்குப் பாய் விரிக்கும் விவாதம் இது. கனசதுரமே இருக்கட்டும், மேலே பூச்சாடி வைக்க வசதி.

ஆம்பிளிஃபயர் பற்றி ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், நாப் எல்லாம் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பது ஒரு மரபு. ரெடிமேடாக வாங்குவது இன்னொன்று. ரெடிமேட் பெட்டியின் அட்டையில் '2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று நெருப்பு எழுத்துகளில் அச்சிட்டிருந்த காலம் ஒன்றுண்டு. உள்ளே பிரித்தால் 12 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். பெருக்கினால் 36. மீதி 1964 வாட்ஸ் உயர்வு நவிற்சி அணியின்பாற்படும்.

பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு இணைப்பிலும் ஃபெவிகாலைத் தாராளமாக ஓட்டி, ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஊஃபர் விளிம்பில் ஸ்பாஞ்ச் ஒட்டி இறுக்குவார்கள். ஊசித்துளை இருந்தாலும் அங்கே 'புஸ் புஸ்' என்று பாம்பு குடியேறும். ஓட்டையைக் கண்டுபிடிக்க ஊதுபத்தியே தலைசிறந்த கருவி. பாட்டை ஓடவிட்டு, கொளுத்திய பத்தியை விளிம்போரமாக மெல்ல நகர்த்தி வந்தால், நேராக எழும் புகை காற்றுக் கசியும் இடத்தில் நடுங்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒருவன் பெட்டிக்குத் தூபம் காட்டுவதாகத் தோன்றும். முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது.

ஆயிற்று. பெட்டி ஆடவில்லை. மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அலை எழவில்லை. ஆய்வாளன் பெருமையோடு ஒலியைக் கூட்டுகிறான். அடுப்படியிலிருந்து 'ஙொய்ங்' என்று ஒரு குரல். துணிபின் உண்மை இங்கே வெளிப்படுகிறது. எவர்சில்வர் சம்புடங்களின் மூடிகள் ஒன்றோடொன்று உரசிப் பேசத் தொடங்கிவிட்டன. எழுந்து போய் அவற்றை இறுக்கி மூடினால் இரும்பு பீரோவின் கதவு. பீரோ கதவிடுக்கில் காகிதம் மடித்துச் செருகினால் சாமிப் படத்தின் கண்ணாடி. கண்ணாடியைப் பிடித்தால் ஜன்னல் கொக்கி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்தச் சுருதி இருப்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொன்று எழுந்து நின்று வணக்கம் சொல்லும். இருபது வருஷம் வாய் திறக்காத குத்துவிளக்குத் தட்டு 52 ஹெர்ட்ஸில் பேசிவிடும்.

இதைவிடக் கொடுமை, கேட்பவன் உட்கார்ந்திருக்கும் இடம். 10-க்கு 12 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸிலும் அலை சுவருக்குச் சுவர் நிலைத்து நிற்கும். அப்படி நிற்கையில் அழுத்தம் சுவரோரங்களில் உச்சம். அறையின் நட்டநடுவில் சூனியம். ஆய்வாளன் நாற்காலியை நடுவில்தான் போடுவான். ஆகவே பலகை வாங்கி, வட்டம் வெட்டி, ஊதுபத்தி காட்டியவனுக்கு அந்தச் சுருதிகளில் ஒன்றும் கேட்காது. சுவரில் சாய்ந்து காய் நறுக்குபவருக்கு எல்லாம் கேட்கும். இதற்குப் பரிகாரம் உண்டு: பெட்டியை நாற்காலியின் மேல் ஏற்றி வைத்து, பாட்டை ஓடவிட்டு, அறையின் ஓரமெல்லாம் தவழ்ந்து, எங்கே நாதம் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். அறிவியல்பூர்வமாகச் சரியான முறைதான் இது. சம்பந்தி வீட்டார் வரும் நாளில் மட்டும் செய்யற்க.

இனிப் பக்கத்து வீடு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியுள்ளன. அந்த டெசிபல் 'ஏ' வகை. மனிதச் செவிக்குத் தாழ்ந்த சுருதி மந்தமாகவே கேட்கும் என்பதால் அந்த அளவுகோலும் அதற்குத் தள்ளுபடி தருகிறது. 40 ஹெர்ட்ஸில் தள்ளுபடி சுமார் 35 டெசிபல். அதாவது 89 டெசிபலுக்கு நம் பெட்டி உறுமினாலும், அந்தத் தனிச்சுருதி மட்டுமே ஒலிக்கிறதென்றால், மீட்டர் 55-க்குள் அடக்கமாகக் காட்டும். பகல் வரம்பின்படி ஆய்வாளன் நிரபராதி. இந்த வாதத்தைத் தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவிடம் மீட்டர் இல்லை. செங்கல் சுவர் மேல்சுருதிகளையெல்லாம் தடுத்து நிறுத்திவிட்டு அடிச்சுருதியை மட்டும் விட்டுவிடும் இயல்புடையது. ஆகவே குரல், வயலின், வரிகள் எல்லாம் இந்தப் பக்கம் தங்கிவிட, அந்தப் பக்கம் போவது 'ஊம் ஊம்' ஒன்றே. சாயங்காலம் அவர் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டுவார்.

"ஏம்பா, உங்க வீட்டு மோட்டார் ரொம்ப நேரமா ஓடிட்டே இருக்கே, டேங்க் வழியலையா?"

கருவியியல் நோக்கில் இக்கூற்று பிழையுடையது. மறுப்புரைக்கத் தீல், வில்ச்சர், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரும் ஐ.எஸ். 710-உம் துணைக்கு உண்டு. எனினும் "இதோ நிறுத்திடறேன் பாட்டி" என்று சொல்லி உள்ளே போவதே இத்துறையில் மரபு.