பழுப்புப் பல்லும் அலுமினியச் சட்டியும்

1901. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து முடித்த கையோடு ஃபிரெடரிக் மெக்கே என்ற இளைஞர் அமெரிக்காவின் மேற்கே, கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையடிவார ஊரில் போர்டு மாட்டினார். வந்தவர்களை வாயைத் திறக்கச் சொன்னால், உள்ளே சாக்லேட் நிறத்தில் பற்கள். வெற்றிலை போடும் தாத்தாக்களுக்கே அந்தப் பதம் வர நாற்பது வருஷம் பிடிக்கும். இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்தப் பல்லோடு திரிந்தார்கள்.

படித்த புத்தகங்களைப் புரட்டினார். அப்படி ஒரு சமாச்சாரமே அவற்றில் இல்லை. சரி, ஊரைக் கேட்போம் என்று கேட்டார். ஊருக்குத் தெரியாததா? பன்றிக்கறி அதிகம் தின்றால் இப்படித்தான் என்றது ஒரு கட்சி. பால் தரமில்லை என்றது இன்னொரு கட்சி. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்றது மூன்றாவது கட்சி. மூன்றாவது கட்சிக்குப் பாதி மார்க் போடலாம். தண்ணீர் என்றது சரி, சத்தைத்தான் மாற்றிச் சொன்னார்கள்.

உள்ளூர்ப் பல் டாக்டர்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. தினமும் பார்க்கிற பழுப்பு, அதற்கெல்லாம் ஆராய்ச்சியா என்று விட்டுவிட்டார்கள். இதே 1901இல் கடல் தாண்டி இத்தாலியில், அமெரிக்காவுக்குக் கப்பலேற வந்தவர்களைச் சோதித்துக்கொண்டிருந்த ஈகர் என்ற அமெரிக்க அரசு மருத்துவரும் நேப்பிள்ஸ் பக்கத்து ஜனங்களிடம் இதே கறையைப் பார்த்தார். பக்கத்தில் எரிமலை இருந்ததா, பழியை அதன் புகைமேல் போட்டார்கள். எரிமலை வாய் திறந்தாலும் மறுத்துப் பேசாது என்பது ஒரு வசதி.

மெக்கே விடுகிற ஆளில்லை. பெரிய தலை ஒன்றைப் பிடித்தால்தான் ஊர் மதிக்கும் என்று புரிந்துகொண்டு, சிகாகோவிலிருந்த ஜி. வி. பிளாக்குக்கு வலை வீசினார். பல் சொத்தைகளுக்கு பிளாக் போட்டுக்கொடுத்த வகைப்பாட்டை நம்மூர்ப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றைக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆசாமி. இப்படிப்பட்ட கறையைப் பற்றி இதுவரை யாருமே எழுதவில்லை என்பதை முதலில் அவர் நம்பவே இல்லை. 1909இல் நேரில் வந்தார், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார், நம்பினார். அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் கறை.

இருவரும் கண்டுபிடித்தவை இரண்டு. நிலைப்பற்கள் முளைத்த பிறகு வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் கறை பிடிப்பதில்லை. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் அங்கே இருந்தவர்களுக்குத்தான் பிடிக்கிறது. அடுத்தது பல் டாக்டர்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. பார்க்கச் சகிக்காத அந்தப் பற்களில் சொத்தை விழுவதே அபூர்வமாக இருந்தது. அழகில் பாஸ் ஆன பற்களெல்லாம் அழுகிக் கழன்றுகொண்டிருந்த காலத்தில், பழுப்புப் பல் கல்லுக்குண்டாய் உட்கார்ந்திருந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ளாமலே 1915இல் பிளாக் கண்ணை மூடினார்.

1923இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து மெக்கேயைக் கூப்பிட்டார்கள். அங்கே பெற்றவர்கள் துப்பைக் கையிலேயே வைத்திருந்தார்கள். ஐந்து மைல் தள்ளி இருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குப் பொதுக்குழாய் போட்டார்கள். குழாய் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது. மெக்கே தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். காரணம் தெரியாத வைத்தியம். மாறினார்கள். அதற்குப் பிறகு பிறந்து பல் முளைத்த பிள்ளைகளுக்குப் பளிச்சென்று வெள்ளைப் பல். தண்ணீரில் ஏதோ இருக்கிறது. என்ன என்றுதான் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ளப் பல் மருத்துவம் உதவவில்லை. சமையல் பாத்திரம் உதவியது.

ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்று ஓர் ஊர். அலுமினியத் தாது தோண்டுவதற்காகவே அல்கோவா நிறுவனம் உண்டாக்கிய ஊர், பேரும் தாதுவின் பேரே. மெக்கேயும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் டாக்டர் குரோவர் கெம்ப்பும் அங்கே போனார்கள். அங்கும் பழுப்புப் பல்; பக்கத்து ஊரில் இல்லை. மறுபடி தண்ணீர்ச் சோதனை, மறுபடி பூஜ்யம். அறிக்கை எழுதிவிட்டு வந்துவிட்டார்கள்.

அந்த அறிக்கை பென்சில்வேனியாவில் அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சிலின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. (சுருட்டும் தொப்பியுமாகப் போஸ் கொடுப்பவர் இல்லை, இவர் வேறு.) சர்ச்சிலுக்கு வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே அலுமினியச் சட்டியில் சமைத்தால் விஷம் என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லியே மனிதர் ஓய்ந்து போயிருந்தார். இப்போது அலுமினியம் தோண்டுகிற ஊரிலேயே பிள்ளைகளின் பல் கறுக்கிறது என்றால், அடுத்த நாள் பத்திரிகையில் என்ன தலைப்பு வரும்? கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்தத் தண்ணீரை வரவழைத்து, சாதாரணச் சோதனையோடு நிற்காமல் நிறமாலைச் சோதனைக்கு உட்படுத்தினார்.

உதவியாளர் முடிவோடு வந்து நின்றார்: ஃபுளோரைடு, அதுவும் ஏகத்துக்கு. சர்ச்சில் நம்பவில்லை. குடிதண்ணீரில் ஃபுளோரைடாவது! சாம்பிளை எங்கேயோ கெடுத்துவிட்டாய், வேறு கொண்டு வா என்றார். வேறு வந்தது. அதே முடிவு. பாக்சைட்டின் தண்ணீரில் பத்து லட்சத்தில் 13.7 பங்கு ஃபுளோரைடு. 1931 ஜனவரியில் மெக்கேக்குக் கடிதம் போட்டார். கறை விழுகிற மற்ற ஊர்களின் தண்ணீரையும் கேட்டு வாங்கிச் சோதித்தார். எல்லாவற்றிலும் அதே ஆசாமி. கொலராடோவில் பைக்ஸ் பீக் மலைப்பாறைகளிலிருந்து கரைந்து வந்து, முப்பது வருஷமாக எல்லோர் டம்ளரிலும் இருந்திருக்கிறான். பழி அலுமினியத்தின் மேல் இல்லை என்று கம்பெனி நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இத்தனை வருஷம் ஊர் ஊராக அலைந்த மெக்கேக்கு, விடை ஒரு சட்டிக் கம்பெனியின் தபாலில் வந்தது.

இனி அரசாங்கம். டிரெண்ட்லி டீன் என்ற அரசுப் பல் மருத்துவர் அளவுகோலோடு புறப்பட்டார். கறை விழாத அளவு எது, சொத்தையும் விழாத அளவு எது என்பதுதான் அவர் கேள்வி. 21 ஊர்கள், 7,257 பிள்ளைகள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் கறையும் பெரிதாக இல்லை, சொத்தையும் குறைகிறது என்று கண்டார். அதாவது முப்பது வருஷம் வில்லன் என்று துரத்திய ஆளைப் பிடித்து, கொஞ்சம் இளைக்க வைத்து, ஹீரோவாக்கிவிட்டார்.

1945 ஜனவரி 25இல் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் வேண்டுமென்றே குடிதண்ணீரில் ஃபுளோரைடைக் கலந்தது. உலகத்திலேயே முதல் ஊர். ஏறக்குறைய 30,000 பள்ளிப் பிள்ளைகளின் பல்லை 15 வருஷம் எண்ணுவதாகத் திட்டம். ஒப்பிட்டுப் பார்க்க ஃபுளோரைடு கலக்காத ஊர் ஒன்று வேண்டுமல்லவா? பக்கத்து மஸ்கீகனைப் பிடித்தார்கள். பாவம், அந்த ஊர்ப் பிள்ளைகளின் வேலை அறிவியலுக்காகச் சொத்தைப் பல்லோடு உட்கார்ந்திருப்பது. ஆறு வருஷம் பொறுத்தார்கள். கிராண்ட் ராப்பிட்ஸ் பிள்ளைகளின் பல் அழகைப் பார்த்ததும், போங்கய்யா நீங்களும் உங்க ஆராய்ச்சியும் என்று 1951இல் தாங்களும் தண்ணீரில் கலந்துகொண்டார்கள். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த ஊரே கைமாறிப்போனது. ஆராய்ச்சி முறைப்படி அது குற்றம்தான். பெற்றவர்களாக யோசித்தால் எனக்கு மஸ்கீகன் கட்சிதான் சரி. பதினொரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, கலந்த பிறகு பிறந்த கிராண்ட் ராப்பிட்ஸ் பிள்ளைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

இவ்வளவு ஆன பிறகு சும்மா இருந்தால் அது அமெரிக்காவா? சோடியம் ஃபுளோரைடு அந்தக் காலத்தில் கரப்பான் கொல்லும் பொடியாகவும் விற்றது. எதிர்ப்பவர்களுக்கு அது ஒன்று போதாதா? கரப்பானுக்குப் போடுவதை எங்கள் பிள்ளைக்கா என்று கிளம்பினார்கள். அளவைப் பற்றிப் பேச யாருக்கும் பொறுமை இல்லை. பனிப்போர்க் காலம் வேறு. ஜான் பிர்ச் சொசைட்டி வகையறாக்கள் இதைக் கம்யூனிஸ்ட் சதி என்றார்கள். அமெரிக்கனின் மூளையை மழுக்க மாஸ்கோ தேர்ந்தெடுத்த வழி சொத்தையில்லாத பல்! 1964இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘டாக்டர் ஸ்டிரேஞ்ச்லவ்’ படத்தில் ஒரு பைத்தியக்காரத் தளபதி இந்த ஃபுளோரைடு பயத்தை வைத்தே அணுகுண்டு விமானங்களை அனுப்பிவிடுவார். சிரிப்பதற்காக எடுத்த படம். ஆனால் போர்ட்லாந்து நகரத்து ஜனங்கள் 1956, 1962, 1980, 2013 என்று நாலு தடவை ஓட்டுப் போட்டு ஃபுளோரைடை விரட்டியதும், 2025இல் யூட்டா மாநிலம் தண்ணீரில் கலப்பதற்கே தடை போட்டதும் படம் இல்லை.

விஞ்ஞானிகளும் பிறகு கொஞ்சம் சுருதியைக் குறைத்தார்கள். விழுங்கிய ஃபுளோரைடைவிடப் பல்லின் மேற்பரப்பில் படுகிற ஃபுளோரைடுதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது என்று தெரிந்தது. இனிப்பைத் தின்று கிருமிகள் விடுகிற அமிலம் எனாமலின் தாதுவைக் கரைக்கும். ஃபுளோரைடு இருந்தால் அந்தத் தாது திரும்பப் படியும், அமிலத்துக்கு முன்னைவிட அதிகம் தாங்கும். அதற்குப் பற்பசையே போதும் என்று பல நாடுகள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அமெரிக்காவும் 2015இல் அளவை லிட்டருக்கு 0.7 மில்லிகிராமாகக் குறைத்தது.

நம் பக்கத்துக் கதையோ தலைகீழ். கிராண்ட் ராப்பிட்ஸுக்கு எட்டு வருஷம் முன்பே, 1937இல், சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடால் பல் மட்டுமில்லாமல் முதுகெலும்பே இறுகி, குனிய முடியாமல் போனவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. இயற்கையே அளவில்லாமல் கலந்துவிட்ட தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அதிலிருந்து ஜனங்களைக் காப்பாற்ற, ஏறக்குறைய 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்கள் ஃபுளோரைடைக் குழாயில் போட்டார்கள். நாம் ஃபுளோரைடுக்குத் தப்பக் குழாய் போட்டோம். நடுவில் கர்நாடகத்தோடு சண்டையும் போட்டு, 2013இல்தான் திறந்தோம்.

ஆகவே வீட்டில் ஆறு வயதுக்குள் பிள்ளை இருந்தால், விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பேஸ்ட்டைப் பிதுக்காதீர்கள். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும். துப்பச் சொல்லிக் கொடுங்கள். போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா, மாற்று வழியே இல்லையென்றால் 1.5ஐத் தாண்டாமலாவது இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள்.