ஆறு பிராங்க் சலுகை

சுவிஸின் 26 மாநிலங்களில் மக்களின் கருத்தைக் கேட்க இத்தனை பாடுபடுவது ஷாஃப்ஹவுசன் ஒன்றுதான். மற்ற மாநிலத்தான் விரும்பினால் வாக்களிப்பான், விரும்பாவிட்டால் மலையேறப் போவான். இங்கே அந்தச் சோம்பலுக்கு இடமில்லை. 65 வயது வரை வாக்களிப்பது கட்டாயம். தவறினால் 6 பிராங்க் தண்டம். ஒருகாலத்தில் 3 பிராங்காக இருந்தது. மக்கள்மேல் வைத்த அன்பு கூடக்கூடத் தொகையும் கூடியிருக்கிறது. ஆனாலும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். எதைப் பற்றியும் கருத்தே இல்லாதவர் வாக்காளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், தண்டம் கிடையாது. பேச மனமில்லாதவனையும் வீடு தேடிப்போய்க் கேட்கும் ஆட்சியை வேறெங்கே காண்பது?

இத்தனை கெடுபிடியிலிருந்து ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் முழு விலக்கு உண்டு. 1983க்குப் பிறகு வந்து, உணவகச் சமையற்கட்டுகளிலும் முதியோர் இல்லங்களிலும் இடுப்பொடிய வேலை செய்து, வரியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, இன்னும் சுவிஸ் கடவுச்சீட்டு எடுக்காமல் இருக்கும் இலங்கைத் தமிழர்களான எங்களவர்கள் அதில் சேர்த்தி. பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கடன் வாங்கலாமா, பாலத்தைத் திருத்தலாமா என்று தடித்த உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார். எங்கள் தபால்பெட்டிக்கு வருவது வரிப் படிவம் மட்டுமே. அதில் ஆம், இல்லை என்று குழம்ப எதுவுமில்லை.

இந்தச் சலுகையை எங்களிடமிருந்து பறிக்கச் சிலர் முயன்றதும் உண்டு. மாநில, உள்ளூர் விவகாரங்களில் வெளிநாட்டவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று ஒரு மக்கள் முன்மொழிவைக் கொண்டுவந்தார்கள். 2014 செப்டம்பர் 28 அன்று ஊர் திரண்டது, வராவிட்டால் தண்டமாயிற்றே. ஏறத்தாழ 85 சதவீதத்தினர் வேண்டாம் என்று வாக்களித்து எங்கள் ஆறு பிராங்கைக் காப்பாற்றித் தந்தார்கள். அறிமுகம்கூட இல்லாத எங்களுக்காக இத்தனை பேர் சிரமப்பட்டதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நியூஷாட்டெல் மாநிலத்து வெளிநாட்டவர்தான் பாவம். அவர்கள்மேல் 1849இலேயே உள்ளூர் வாக்குரிமையைச் சுமத்தினார்கள். ஜூரா 1979இல் தனி மாநிலமாகப் பிறந்தபோதே அதே தவறைச் செய்தது.

இணையத்திலும் ஷாஃப்ஹவுசன் யாருக்கும் இளைத்ததில்லை. நாடு முழுமைக்குமான மின்னணு அடையாளத்துக்கு 2021இல் சுவிஸ் மக்கள் மறுப்புச் சொல்லி, 2025 செப்டம்பரில்தான் மயிரிழையில் ஒப்புக்கொண்டார்கள். இந்தச் சின்ன மாநிலமோ 2018இலேயே தன் மக்களின் கைபேசிக்கு அதைக் கொண்டுவந்துவிட்டது. அலுவலக வாசலில் நின்ற காலம் மலையேறிவிட்டது. நீங்கள் யார் என்பதை ஓர் அரசு இத்தனை துல்லியமாகத் தெரிந்துகொண்ட பிறகு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று வேறு கேட்பது நாகரிகமாகாது.

நேரில் பேசவும் வழியில்லாமல் இல்லை. 36 உறுப்பினர் கொண்ட ஷாஃப்ஹவுசன் நகரமன்றம் கூடும்போது யாரும் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம். கடவுச்சீட்டு எந்த நிறம் என்று கேட்கமாட்டார்கள். வாயைத் திறக்காதிருந்தால் போதும், அது எங்களுக்குப் பழகிய வேலை. எழுத்தில்தான் சொல்வேன் என்று அடம்பிடிப்பவருக்கு சுவிஸ் கூட்டாட்சி அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு மனுக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. வெளிநாட்டவருக்கும் அது உண்டு. அதிகாரிகள் மனுவைக் கருத்தில் கொண்டே ஆகவேண்டும். பதில் எழுதும் தொல்லையை மட்டும் அந்தப் பிரிவு அவர்கள் தலையில் கட்டவில்லை.

பிரஜாவுரிமை எடுத்தால் போயிற்று என்பார்கள் அவசரக்காரர்கள். பத்து ஆண்டு வாசம், நிரந்தர வதிவிட அனுமதி, மொழிச் சான்று எல்லாம் முடிந்து நேர்முகத்துக்குப் போனால், ஊராட்சி எங்களிடம் முதன்முறையாக ஆர்வத்தோடு கேள்வி கேட்பது அங்கேதான். அதுவும் சரியான விடையைத் தன் கையில் வைத்துக்கொண்டு.

பொறுமைசாலிகளுக்கு இன்னும் இலகுவான பாதை இருக்கிறது. 2018 பெப்ரவரியிலிருந்து, இங்கே பிறந்த மூன்றாம் தலைமுறையினர் 25 வயதுக்குள் எளிமையான முறையில் விண்ணப்பிக்கலாம். பெற்றோரில் ஒருவராவது இங்கே பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும், தாத்தாவோ பாட்டியோ இங்கே வதிவிட உரிமையோடு இருந்திருக்க வேண்டும், இப்படிச் சில நிபந்தனைகள்தான். முப்பது, நாற்பது ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்த தாத்தாவைப் பற்றி அன்றைக்கு அக்கறையாக விசாரிப்பார்கள். அவர் என்ன சொன்னார் என்று அல்ல, அவர் இருந்ததற்கு என்ன கடதாசி இருக்கிறது என்று.