குழாயடியில் நடந்த வழக்கு

மதுரைக் காளவாசலில் 2020-இல் மேம்பாலம் திறந்த பிறகு, வண்டிகள் சிக்னலுக்கு நிற்காமல் தலைக்கு மேலேயே போய்விடுகின்றன. நான் பையனாக இருந்த நாளில் பல குடும்பங்கள் சேர்ந்து குடியிருந்த அந்தப் பக்கத்து வளவுகளில் மத்தியானச் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த கையோடு, நாலைந்து அத்தைமார்களும் அக்காமார்களும் சேலை மாற்றி, பூ வைத்து, டிக்கெட் சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு, டவுன் பஸ் பிடித்து மேட்னிக்குப் போவார்கள். ‘தங்கம்’, ‘சென்ட்ரல்’, ‘சிந்தாமணி’ என்று கொட்டகைப் பெயரைச் சொன்னாலே பாதிப் படம் பார்த்த நிறைவு. போகும்போது சிரிப்பு, திரும்பும்போது சிவந்த கண். காசு கொடுத்து அழுதுவிட்டு எப்படி இவ்வளவு தெம்பாக வருகிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கியதே இல்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கூட்டம் போயிருக்கும்.

1985-இல் பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ வந்தது. பாடகர் ஜேகேபியாக சிவகுமார். சங்கீதம் தெரியாத, பிள்ளையும் இல்லாத மனைவி பைரவியாக சுலக்ஷணா. ஜேகேபியின் மனசைத் தொட்ட சிந்துவாக சுஹாசினி. தேசிய விருது சுஹாசினிக்குப் போனது. எங்கள் வளவின் ஓட்டு ஒன்றுகூடச் சிதறாமல் சுலக்ஷணாவுக்கு விழுந்தது. மறுநாள் விடியக்காலை, குடங்கள் வரிசையில் நிற்க, குழாயடியில் வழக்கு தொடங்கிவிடும்.

“ஏக்கா, ராகம் தெரியாதது ஒரு குத்தமா? பாடிட்டு வந்தவருக்குப் பசிச்சுச்சுல்ல, ஆக்கி வச்சது யாராம்?”

“அவளும் மனுசிதானத்தா. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும்?”

பைரவியின் பெயரைச் சொல்லித் தொடங்கும் பேச்சு, குடம் நிரம்புவதற்குள் எங்கெங்கோ போகும். கட்டினவர் பெயரைக்கூட வாயால் சொல்லாதவர்கள், ஜேகேபியைத் திட்டும் சாக்கில், தட்டை நகர்த்திவிட்ட கையைப் பற்றியும், பத்து வருஷமாக நிமிர்ந்து பார்க்காத முகத்தைப் பற்றியும் பேசித் தீர்ப்பார்கள். அது யார் வீட்டுக் கதை என்று கேட்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தியும் கேட்கமாட்டாள். அந்த நாகரிகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

‘பூம்புகார்’ படத்தில் கண்ணகியாக விஜயகுமாரியைப் பார்த்து 1964-லேயே அழுது முடித்திருந்த ஒரு அப்பத்தா, எல்லாருக்கும் மேலாகத் தீர்ப்புச் சொல்லும்: “கண்ணகி ராசாகிட்டக் கேட்டா. புருசன்கிட்டக் கேட்டாளா?” பின்னாளில் சிலப்பதிகாரம் படித்தபோது, கண்ணகி கேட்டிருக்கிறாள் என்று கண்டேன். மதுரைக்கு வெளியே ஆயர் வீட்டில், தன் கையால் சமைத்துக் கோவலனுக்குப் பரிமாறிய பிறகு, கொலைக்களக் காதையில், சில வரிகளில் சொல்லிவிடுகிறாள்: நீங்கள் இல்லாத நாளில் மாமனார் மாமியாருக்காக நான் சிரித்தது உதட்டுச் சிரிப்புதான், நீங்கள் நடந்தது நல்லோர் ஏற்காத வழி. அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு அவன் சிலம்பு விற்கப் புறப்படுகிறான். ஊரை எரித்த கோபத்தைத்தான் உலகம் பாடுகிறது. அந்தச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சுக்குத்தான் எங்கள் குழாயடி உறவு.

1993-இல் பாலு மகேந்திராவின் ‘மறுபடியும்’ வந்தது. ஏமாற்றிய கணவன் திரும்பி வந்து நிற்க, ரேவதி ‘வேண்டாம்’ என்று சொன்னபோது வளவு இரண்டாகப் பிரிந்தது. இளையவர்கள் கை தட்டினார்கள், மூத்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பிறகு டிவி ஆளுக்கொரு வீட்டுக்கு வந்தது. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று வருஷக்கணக்கில் கண்ணீர் ஓடியது. குழாயும் வீட்டுக்குள் வந்துவிட்டதால் வழக்குப் பேச இடம்தான் போய்விட்டது. தண்ணீர்க் குடம் சுமந்த இடுப்புகளுக்கு அது பெரிய விடுதலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2020-இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’ தொடரில் இன்னொருத்தியை விரும்பிப் போகிறான் கணவன் கோபி, சமையலையே தொழிலாக்கி நிமிர்கிறாள் பாக்கியா. பைரவிக்குக் கிடைக்காத வழி. திரையில் இருப்பவளுக்குக் குரல் வந்துவிட்டது. பார்ப்பவளுக்குத்தான் பக்கத்தில் காது இல்லை. வளவு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒருத்தி, கைபேசியில், தனியாக.

என் அம்மாவும் அப்படித்தான் பார்க்கிறாள், முடிந்துபோன தொடரின் பழைய காட்சிகளை. இப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, “பாக்கியா என்னம்மா சொன்னா?” என்று கேட்கிறேன். அம்மா நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்குவாள். சொல்வதில் பாதி அந்தத் தொடரில் வந்ததே இல்லை. அது யார் கதை என்று நானும் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது தனியாக ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதை என்னவென்று கேளுங்கள்; முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.